விருந்தாளி வந்தால்தான் கடல்

சிட்னி என்றதும் ஊரில் எல்லோருக்கும் கண்ணுக்குள் வருவது கலண்டரில் பார்த்த ஒப்பரா ஹவுஸ்தான். நாங்கள் இருப்பதோ நகர மையத்திலிருந்து மேற்கே 27 கிலோமீற்றர் தள்ளி, வென்ட்வேர்த்வில்லில். வெஸ்ட்மீட், பெண்டில் ஹில், டுங்காபி என்று அந்த றெயில் பாதை நெடுகத் தமிழ்ச் சனம். கோயில் கிட்ட, மரக்கறிக்கடை கிட்ட, பிள்ளைகளின் ரியூசன் கிட்ட. கடல் மட்டும் தூரம். ஊரிலிருந்து ஆராவது வந்து இறங்கினால்தான் துறைமுகப் பக்கம் எட்டிப் பார்ப்போம். வந்தவருக்குக் காட்டப் போகிறோம் என்பது பேர். வாய் பிளந்து பார்ப்பது நாங்களும்தான்.

இந்த முறை வந்தவர் பெரியப்பா. வல்வெட்டித்துறைக்காரர். பாயை ஏற்றிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்ட அன்னபூரணிக் கப்பல் கட்டப்பட்ட ஊர். அந்தக் கதையைச் சொல்லாமல் பெரியப்பா எந்த வீட்டிலும் கை கழுவியதில்லை. அப்படிப்பட்டவருக்குக் கடல் காட்டுவதென்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

சனிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டோம். மனைவி மீன் ரோல்ஸ் பெட்டியொன்று கட்டித் தந்தா. செலவைப் பற்றி ஒரு வார்த்தை: வங்கி அட்டையைத் தட்டினாலே றெயிலும் படகும் ஏறலாம், வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை ஒரு நாளுக்கு அறவிடும் உச்சத் தொகையும் குறைவு. இரவிரவாகச் சுற்றினாலும் ஒரு சினிமா ரிக்கெற் காசு வராது. இது தெரியாமல், வந்தவர்களைச் சாப்பாட்டுக் கப்பலில் ஏற்றி நூற்றுக்கணக்கில் டொலர் கரைக்கும் ஆட்கள் எங்களுக்குள் நிறைய.

துறைமுகக் கரையிலுள்ள சேர்குலர் கீயில் இறங்கினால் றெயில் மேடையில் நின்றபடியே பாலமும் தண்ணீரும் தெரியும். கப்பல் பாய் மாதிரி நிற்கும் ஒப்பரா ஹவுஸின் கூரையைப் பெரியப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“உது பாயெண்டோ சொல்லுறாங்கள்? ஒண்டு வடக்க பாத்து நிக்குது, மற்றது தெற்க பாத்து நிக்குது. காத்து ரெண்டு பக்கத்தாலயுமோ அடிக்குது?”

அதற்கு நான் என்ன சொல்ல? 70 இலட்சம் டொலரில் முடியும் என்று தொடங்கி, 1973இல் திறக்கும்போது 10 கோடியைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பங்கு லொத்தர் விற்ற காசு என்றேன். “சூதாடிக் கட்டினதோ?” என்று சிரித்தார். அந்த ஒன்றுதான் அவருக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்தது.

துறைமுகத்தின் மறுமுனையிலுள்ள மான்லிக்குப் போகும் படகு வேறு விசயம். 70 மீற்றர் நீளம், 1100 பேர் ஏறலாம். 1982இலிருந்து ஓடும் வகை. பெரியப்பா உள்ளே இருக்க மாட்டேன் என்று முன் தட்டுக்குப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். படகு இறங்குதுறையை விட்டு விலகியதும் அவர் முகம் மாறியது. “மோனை, இது திரும்பேல்லையே!” திரும்பத் தேவையில்லை, இரண்டு முனையும் முன்பக்கம்தான், இரண்டு முனையிலும் சுக்கான் அறை. மான்லிக்குப் போகும்போது தலையாக இருப்பது வரும்போது வாலாகும். இத்தனை வருசமாக இந்தப் படகில் வந்துபோகும் எனக்கு அது கண்ணில் பட்டதேயில்லை. அவர் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடந்து போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

பாதி வழியில் துறைமுகத்தின் வாய் திறக்கும். வடக்கிலும் தெற்கிலும் செங்குத்துப் பாறை, நடுவே பசுபிக். அதுவரை குளம் மாதிரிக் கிடந்த தண்ணீர் அந்த இடத்தில் படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போடும். சுற்றுலாப் பெட்டைகள் கூச்சலிட்டார்கள். பெரியப்பா காலை அகட்டி வைத்துக்கொண்டு தெற்குப் பாறையின் வெளிச்சவீட்டையே பார்த்தார்.

அந்த வெளிச்சவீடு வந்த கதை அவருக்குச் சொல்ல வேண்டிய கதைதான். 1857 ஆகஸ்டில், புயல் இரவில், இங்கிலாந்திலிருந்து வந்த டன்பார் கப்பல் இந்த வாயைத் தவறவிட்டுப் பாறையில் மோதியது. 121 பேர் செத்துப் போனார்கள். தப்பியது ஜேம்ஸ் ஜோன்சன் என்ற ஒரேயொரு மாலுமி. அடுத்த வருசமே இந்த ஹோர்ன்பி வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். ஒன்பது வருசம் கழித்து, சிட்னிக்கு வடக்கே நியூகாசில் துறைமுக வாயில் கவாரா கப்பல் மூழ்கியபோதும் ஒருவன்தான் மிஞ்சினான். அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்தவர்களில் ஒருவர் அதே ஜோன்சன். “மெய்யே?” என்று இரண்டு தரம் கேட்டார் பெரியப்பா. இனி வல்வெட்டித்துறையில் அன்னபூரணிக்கு அடுத்ததாக இந்தக் கதையும் ஓடும்.

மான்லியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். ஒரு கடி கடித்துவிட்டு, “ஐஸில கிடந்த மீன்” என்று பெட்டியைத் தள்ளிவைத்து ரோல்ஸை எடுத்தார். மிச்சத்தைக் கடற்புறாக்கள் கேட்காமலே பங்கு போட்டன.

திரும்பி வரும்போது பாலத்துக்குப் பின்னால் 271 மீற்றர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கோபுரம் மின்னியது. கசினோ. அது நிற்கும் இடத்துக்கு வைத்திருப்பது பரங்காரு என்ற மீனவப் பெண்ணின் பேர். 1788இல் வெள்ளைக்காரர் வந்து இறங்கிய காலத்தில் இந்தத் துறைமுகத்தில் வாழ்ந்தவ. அவவின் சனத்துப் பெண்கள் மரப்பட்டைத் தோணியில், களிமண் மேல் சின்ன நெருப்பு மூட்டிக்கொண்டு, சிப்பி ஓட்டுத் தூண்டிலால் மீன் பிடித்தார்கள். தோணிக்குள் நெருப்பா என்று பெரியப்பாவுக்கு ஆச்சரியம். எனக்கு எரிச்சல், கசினோ நிற்கும் இடத்துக்கு வைக்க வேறு பேர் கிடைக்கவில்லையா என்று.

பிறகு ரொக்ஸ் பக்கப் படியேறிப் பாலத்தை நடந்தே கடந்தோம். நடப்பது இலவசம், வளைவின் உச்சியில் ஏறத்தான் காசு. அறுபது இலட்சம் ஆணிகளால் பிணைத்த இரும்பு. பெரியப்பா ஒரு ஆணித்தலையைத் தடவிப் பார்த்தார், கையில் சாம்பல் நிறத் தூசி. கட்டும்போது எத்தனை பேர் செத்தவை என்று கேட்டார். பதினாறு என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

மறுகரையில் மில்சன்ஸ் பொயின்றில் ஏறினால் அதே பாலத்தால் திரும்பி நேரே மேற்குக்குப் போகும் றெயில் உண்டு. களைத்தவரை அதில் இருத்திவிட்டு, அடுத்த சனி பரமட்டா ஆற்றுப் படகில் போவோம், எங்கள் வீட்டுப் பக்கமே வந்து முடியும், தண்ணி வத்தினால் மட்டும் கடைசித் துண்டுக்கு பஸ் விடுவார்கள் என்றேன். நித்திரைக்குப் போன மனுசன் நிமிர்ந்து இருந்தார்.

“அப்ப வத்துப் பெருக்கு நேரத்தைப் பார். சனிக்கிழமை பெருக்கு எத்தனை மணிக்கு?”

போனை எடுத்துத் தேடத் தொடங்கினேன். அதற்குள் ஜன்னலால் பிறையைப் பார்த்து அவர் தன் கணக்கைச் சொல்லிவிட்டார்.