அப்பா பார்த்த ஆம்ஸ்டர்டாம்

அப்பாவுக்கு வெளிநாடு புதிதில்லை. பஹ்ரைனில் பதினோரு வருஷம் அரபி ஒருவரின் படகில் மீன் பிடித்தவர். ஆனால் செய்ய ஒரு வேலையும் இல்லாமல், சும்மா பார்க்க என்று ஒரு ஊருக்குப் போனது போன ஜூனில்தான் முதல் தடவை. நான் இருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கு. இப்போது நான் லீவுக்கு குளச்சல் வந்திருக்கிறேன். சாயங்காலம் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் கூட்டாளிகளிடம் அவர் அந்த ஊரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால், நான்கு வருஷமாக நான் குடியிருக்கும் ஊர்தானா இது என்று இருக்கிறது.

"வீட்டுக்கெல்லாம் நெத்தியில ஒரு கொக்கி வச்சிருக்கான், பாத்துக்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளைச் சொல்கிறார். 17ஆம் நூற்றாண்டில் கட்டியவை பல. ஒன்றோடொன்று ஒட்டி, ஒடுங்கலாக, மூன்று நான்கு மாடி உயரத்தில் நிற்கும். உச்சியில் ஒரு உத்திரம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி. நான் வந்த புதிதில் அந்த வீடுகள் முன்னால் நின்று ஐம்பது செல்ஃபியாவது எடுத்திருப்பேன். கொக்கி கண்ணில் படவே இல்லை. அப்பா அண்ணாந்து பார்த்த உடனே, "கப்பி போட்டு சாமான் இழுக்கதுக்காக்கும்" என்றார். அதேதான். உள்ளே மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, கட்டிலும் பீரோவும் ஏறாது. எல்லாம் ஜன்னல் வழிதான். பல வீடுகள் முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பதும் மேலே போகும் சாமான் சுவரில் உரசாமல் இருக்கத்தானாம். அடியில் மரத்தூண் உளுத்துப்போய் தானாகவே சாய்ந்தவையும் உண்டு, அது வேறு விஷயம். ஊரே சதுப்பில் இறக்கிய மரத்தூண்கள் மேல் நிற்கிறது, டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 தூண்கள் என்றேன். "பனந்தடியா?" என்று கேட்டார். பைன் மரம் என்றதும் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

விமான நிலையத்திலிருந்து வரும்போதே நான் ஒரு தப்பு செய்தேன். அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி, 1852ல் தண்ணீரை இறைத்து வற்றவைத்தார்கள், இப்போதும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி தூங்கவும் இல்லை. ராத்திரி என்று சொல்வதே தப்பு, பத்து மணி வரை வெளிச்சம். "இதுல செபமாலை எப்ப சொல்லியது மக்ளே?" என்று திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் பாதையில் நடந்து திட்டு வாங்கியது, ரொட்டிக்கு மேல் சாக்லேட் தூளைத் தூவிச் சாப்பிடும் மனிதர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஹெரிங் மீன் மட்டும் தனிக்கதை. தெருக்கடையில் உப்பில் ஊறிய பச்சை மீனை நறுக்கி, மேலே வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். எனக்கு இன்றுவரை தொண்டைக்குள் இறங்காது. அப்பா எலும்பை விலக்கியிருந்த விதத்தைப் பார்த்தார், மோந்தார், தின்றார். "நம்ம சாளைக்கு அக்காக்காரி" என்றார். ஒரே குடும்பம்தான், சாளையும் ஹெரிங்கும். "கொள்ளாம். மாங்கா போட்டு கறி வச்சா இன்னும் கொள்ளாம்."

கப்பல் அருங்காட்சியகத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கப்பல் ஒன்றை அப்படியே திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு அங்கே நின்ற ஊழியரைக் காட்டி, "1741ல எங்க ஊர்ல வந்து தோத்த கம்பெனிதானே, அவருக்குத் தெரியுமான்னு கேளு" என்றார். அந்தச் சண்டையில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு ஜெயித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை நடத்தி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், தமிழிலும் லத்தீனிலும் எழுதிய கல்லுக்கு அடியில் கிடப்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. அங்கே பிழைக்கப் போனவன் நான்.

அவருக்கு மிகவும் பிடித்தது என் மகளின் நீச்சல் வகுப்பு. அந்த நாட்டில் பிள்ளைகள் சட்டை, கால்சட்டை, செருப்போடு குளத்தில் குதித்து நீந்திக்காட்டினால்தான் நீச்சல் டிப்ளமோ. இது என்ன கூத்து என்று நான் நினைத்திருந்தேன். அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று, பேத்தி நனைந்த சட்டையோடு மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளத்துல விழுதவன் துணிய அவுத்து வச்சிட்டா விழுவான்? படிப்புன்னா இதுதான் படிப்பு."

கடைசி வாரம் நகராட்சி மன்றக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனேன். மழைக்கு ஒதுங்கினோம் என்பதே உண்மை. அங்கே மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது. இரண்டில், அந்த நேரத்தில் அந்த நாட்டின் இரண்டு கடற்கரைகளில் கடல் எவ்வளவு உயரம் என்பது தெரியும். மூன்றாவது நம் தலைக்கு மேல் ஏறி நிற்கும். 1953 பிப்ரவரி 1 அதிகாலை கடல் உள்ளே வந்து 1,836 பேர் இறந்தபோது தண்ணீர் நின்ற மட்டம் அது. கடல் மட்டத்தை அளக்க அவர்கள் வைத்திருக்கும் பூஜ்ஜியத்திலிருந்து 4.55 மீட்டர். அப்பா அந்தக் குழாயின் அடியிலிருந்து நுனி வரை கையால் தடவிக்கொண்டே போனார், எட்டுகிறவரை. பிறகு கேட்டார்: "இத எவன் அளந்து வச்சான்?"

வருஷா வருஷம் அங்கே நீர் வாரியத்துக்கென்று தனியாக ஒரு வரி கட்ட வேண்டும். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ஏற்பாடு. அந்தக் கடிதம் வந்தால் நான் புலம்புவேன். அன்று வீட்டுக்கு வந்து அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். ஒரு எழுத்து புரியாவிட்டாலும் முழுக்கப் பார்த்தார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை குளச்சலுக்குள் கடல் வந்தபோது அவர் பஹ்ரைனில் இருந்தார். எனக்கு வயது பன்னிரண்டு. அம்மை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினாள். இரண்டு நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது.

நேற்றுக் காலை அப்பா டேப்பை என் கையில் கொடுத்து நுனியைத் தரையில் பிடிக்கச் சொன்னார். முன்சுவரில், தன் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். "இவ்வளவு வந்துருக்கும், இல்லியா?"

அம்மை அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒட்டியிருந்த மரச்சீனித் தொலியைச் சேலையில் துடைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல், அதற்கு ஒரு சாண் மேலே விரலை வைத்தாள்.