பிடிக்குள் இருக்கும் துரு

டோக்கியோவில் பழைய வாள் விற்கும் கடைக்குப் போகிறவர்கள் அலகைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். நானும் மயங்குகிறவன்தான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு எனக்கு அலகில் வருவதில்லை. பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்வேன். பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதிக்கு நாகாகோ என்று பெயர். வாள் செய்த கொல்லர் அதை அரத்தால் இழைத்து, பெயர் வெட்டுவதானால் உளியால் வெட்டி, அப்படியே விட்டுவிடுவார். அலகை ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது தீட்டியிருப்பார்கள். தீட்டத் தீட்ட அது தேயும். நாகாகோவைத் தீட்டுவதில்லை, துருவை எடுப்பதுமில்லை. வாளின் வயதைக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

நான் இங்கே ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச்சோதனை செய்கிறேன். எங்கள் வேலையில் துரு கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியே திரும்பிப் போகும். அதே கண்ணால் ஒரு துருவை ரசிக்கப் பழகியது இந்த வாள்களால்தான்.

கழற்றுவதற்கே ஒரு முறை உண்டு. முதலில் வாளுக்குத் தலைகுனிந்து வணக்கம். பிடியின் குறுக்கே இருக்கும் மெகுகி என்ற சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு இடது கையால் பிடியின் அடியைப் பிடித்து, வாளைச் சற்றுச் சாய்வாக நிமிர்த்தி, வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டின் மேல் மெல்லக் குத்தினால் நாகாகோ பிடிக்குள்ளிருந்து கொஞ்சம் எழும்பும். வேகமாகக் குத்தினால் வாள் துள்ளிவிடும். குட்டை வாளென்றால் இன்னும் ஆபத்து. அலகில் விரல் படக்கூடாது, அதற்கு நேராகப் பேசக்கூடாது. எச்சில் துளி ஒன்று தெறித்தாலே அங்கே புதுத் துரு ஆரம்பித்துவிடும். அந்தத் துரு மட்டும் யாருக்கும் வேண்டாதது.

சரி, நல்ல துரு எப்படி இருக்கும்? ஐந்நூறு அறுநூறு வருடம் கடந்த நாகாகோ கருப்பட்டி நிறத்தில் இருக்கும். கட்டை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும், விரலில் எதுவும் ஒட்டாது. எடோ காலத்து (1603–1868) வாள்களில் அந்தக் கருமை குறைவு. அர வரிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டு வாளில் இரும்பின் சாம்பல் நிறமே பல இடங்களில் எட்டிப் பார்க்கும். மருந்து போட்டு வரவழைத்த துரு சிவந்து, செதில் செதிலாக, ஒரே வேகத்தில் வந்தது போல இருக்கும். படத்தில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. அதனால்தான் இணைய ஏலத்தில் படத்தை மட்டும் பார்த்து நான் வாங்குவதில்லை.

அர வரிகளின் சாய்வையும் பார்க்க வேண்டும். குறுக்காக நேராக இழைத்தவர்கள் உண்டு, சாய்த்து இழைத்தவர்கள் உண்டு, பருந்தின் இறகு மாதிரி இருபக்கமும் சரிந்து வர இழைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒரு கை. கொல்லர் தன் பெயரை எந்தப் பக்கம் வெட்டுவார் என்பதிலும் பழக்கம் இருக்கிறது. ஹிஸென் என்ற பழைய மாகாணத்துத் தாதாயோஷி பரம்பரையினர் கதானா என்ற நீள வாளிலும் பழைய தாச்சி வாள் போல எதிர்ப்பக்கத்தில்தான் வெட்டினார்கள். வழக்கமான பக்கத்தில் தாதாயோஷி பெயரோடு ஒரு கதானா வந்தால் உடனே உஷாராகிவிடலாம்.

பெயர் இருந்தால் வாங்குகிறவருக்கு மகிழ்ச்சிதான், எனக்கு அங்கேதான் பயம் தொடங்கும். பதினேழாம் நூற்றாண்டில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருந்த நாகசோனே கொதெத்சு முதலில் கவசம் செய்தவர், பிறகு வாளுக்கு வந்தவர். கொதெத்சு என்ற பெயரைப் பார்த்தால் போலி என்றே நினைத்துக்கொள் என்று வாள் பிரியர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் இருந்தபோதே அவர் பெயரில் போலிகள் கிளம்பிவிட்டன. இங்கேயும் துருதான் கைகொடுக்கும். உளி வெட்டின பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே வயதாக இருக்க வேண்டும். வெளியே கருத்து, பள்ளத்தில் மட்டும் வெளுத்திருந்தால், பெயர் பின்னால் வந்தது. உளி தள்ளிய இரும்பின் விளிம்பு பழைய நாகாகோவில் மழுங்கியிருக்கும். அது கூராக நிமிர்ந்து நின்றாலும் சந்தேகம்தான்.

பெயரே இல்லாத வாள்களை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. காமாகுரா காலத்துத் (1185–1333) தாச்சிகள் குதிரை மேலிருந்து வீசுவதற்கு நீளமாகச் செய்தவை. பின்னால் தரையில் நின்று சண்டையிடும் காலம் வந்தபோது அவற்றை அடியிலிருந்து வெட்டிக் குறைத்தார்கள். நுனியில் கைவைக்க முடியாது, பதம் ஏறிய நுனி போய்விடும். அடியை வெட்டும்போது கொல்லரின் பெயரும் சேர்ந்து போனது. சிலர் பெயர் இருந்த துண்டை மடித்து மறுபக்கம் பதித்துக் காப்பாற்றினார்கள். பெரும்பாலான வாள்களில் அதுவும் நடக்கவில்லை. ஃபுகுஓகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹெஷிகிரி ஹாசெபே அப்படிக் குறைக்கப்பட்ட வாள்தான். போர்த்தலைவர் ஓதா நோபுநாகாவிடமிருந்து குரோதா என்ற பிரபுக் குடும்பத்துக்குப் போனது, இன்று தேசியப் பொக்கிஷம். அதன் நாகாகோவில் தங்கத்தில் பதித்திருக்கும் எழுத்து கொல்லர் வெட்டியதல்ல. இது ஹாசெபே குனிஷிகே செய்தது என்று மதிப்பீட்டாளர் ஹொன்னாமி கோதோகு பிற்காலத்தில் தந்த தீர்ப்பு அது. அலகைப் பார்த்தே ஒருவர் அதைச் சொன்னார், நானூறு வருடமாக அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

அந்தக் கண்ணை வளர்க்கத்தான் கான்தெய் கூட்டங்கள். நாகாகோவைத் துணியால் மூடி வாளைக் கையில் தருவார்கள். யார் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் 'அதாரி'. காலம் சரி, ஆள் வேறு என்றால் அதற்கொரு பதில். அதை வைத்து மறுபடி எழுதலாம். முதலில் வளைவு எங்கே இருக்கிறது, நுனி எவ்வளவு நீளம் என்று உருவத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் இரும்பின் மடிப்பு ரேகை, அதன் பிறகுதான் ஹாமோன் என்ற பதக்கோடு. புதிதாக வருகிறவர்கள் ஹாமோனிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அழகு அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது, யாரைக் குறை சொல்வது.

என்னிடம் இருப்பது ஒரு வாகிஸாஷி, அதாவது குட்டை வாள். பெயர் இல்லை, அடி வெட்டிக் குறைத்தது, நாகாகோவில் மெகுகி ஆணிக்கான இரண்டு துளைகள். பழைய துளையும், குறைத்தபின் போட்ட துளையும். பழைய துளையின் வட்டம் கொஞ்சம் கோணல், ஓரங்கள் மழுங்கியவை. இதோடு வந்த நிப்பான் பிஜுத்சு தோகென் ஹொஸோன் கியோகாய் (ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழ், ஓஏய் காலத்து பிஸென் மாகாண வாள் என்கிறது. அதாவது 1394க்கும் 1428க்கும் இடைப்பட்டது. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பை நோக்கி அலகைச் சாய்த்தால், ஹாமோனுக்கு மேலே ஒரு கரிய இடைவெளி, அதற்கும் மேலே மூடுபனி போல ஒரு வெண்பட்டை நுனிவரை ஓடும். உத்சுரி என்பார்கள். பிஸென் வாள்களின் அடையாளம். கோணம் சற்று மாறினால் காணாமல் போய்விடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கூரின் விளிம்பிலிருந்து செங்குத்தாக உள்ளே போகும் மயிரிழை விரிசலுக்கு ஹாகிரே என்று பெயர். அது இருந்தால் எந்தக் கொல்லர் செய்ததானாலும் விட்டுவிடுங்கள். மங்கிய வாளை மலிவாக வாங்கித் தீட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தீட்டுபவர்கள் நீளத்தைச் சுன் (சுமார் மூன்று சென்டிமீட்டர்) கணக்கில் அளந்து கூலி சொல்வார்கள். பல நேரம் அது வாளின் விலையைத் தாண்டிவிடும். மாகாணக் கல்வி வாரியம் தரும் பதிவு அட்டை இல்லாத வாளைத் தொடவே வேண்டாம். அட்டையில் நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, பெயர் எல்லாம் இருக்கும். கையிலிருக்கும் நாகாகோவோடு அதை ஒத்துப் பார்க்க வேண்டும். வாங்கிய 20 நாளுக்குள் உரிமை மாறியதைத் தெரிவிக்க வேண்டும். பதிவு வாளுக்குத்தான், ஆளுக்கு அல்ல. எனவே வெளிநாட்டவரும் வைத்துக்கொள்ளலாம். நாட்டை விட்டு எடுத்துப் போவதென்றால் கலாச்சார விவகார முகமையின் அனுமதி வேண்டும். அட்டை இருப்பதாலேயே பெயர் அசல் என்று ஆகிவிடாது. இதைக் கடைகளில் பலர் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எனக்கு ஒரு ஹிஸென் வாகிஸாஷி வேண்டும், இந்தமுறை பெயரோடு. டோக்கியோவின் ஷிம்பாஷியில் பெரிய வாள் சந்தை கூடும்போது நிறைய வரும். ஒவ்வொன்றாகப் பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லப்போகிறேன்.