துணை நிரலோடு ரியாக்ட்: இதுவரை வந்த தூரம்

இணையவழியில் படித்துவரும் வலை உருவாக்கப் பயிற்சியில் ரியாக்ட் (வலைப்பக்கத்தின் திரைப் பகுதிகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பகுதிக்கு வந்திருக்கிறேன். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் சிரமமில்லாமல் நகர்ந்தன. ஆசிரியர் பாடங்களோடு தந்திருக்கும் துணை நிரலின், அதாவது மாதிரி நிரல் கோப்புகளின், அருமை தெரிந்தது இந்தப் பகுதியில்தான்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தொடக்க நிலை, முடிவு நிலை என இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. காணொளியை முழுதாகப் பார்த்து மூடிவிட்டு, தொடக்கக் கோப்புறையில் நானே எழுதுகிறேன். என் நிரல் ஓடிய பிறகே முடிவுக் கோப்புறையைத் திறக்கிறேன். முன்பே திறந்தால் எல்லாம் புரிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் காலிக் கோப்பின் முன் உட்கார்ந்தால் கை ஓடாது.

அடுத்து, நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியின் டிஃப் (வேறுபாடு காட்டும்) கட்டளையோடு நோ-இண்டெக்ஸ் என்ற தெரிவைச் சேர்த்து இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிடுகிறேன். கிட் களஞ்சியத்துக்கு (கிட் கண்காணிக்கும் கோப்புறைக்கு) வெளியே உள்ள கோப்புறைகளையும் இது ஒப்பிடும். இடைவெளி வேறுபாடுகளைத் தள்ளிவிட இன்னொரு தெரிவு உண்டு. மிஞ்சும் வரிகளில்தான் எனக்கான பாடம் இருக்கிறது.

தேடல் பெட்டியில் தட்டும் சொல்லுக்கு ஏற்பப் பட்டியலைச் சுருக்கும் பாடத்தில் இதை நன்றாக உணர்ந்தேன். என் நிரலில் சுருக்கிய பட்டியல் தனி ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு; அது மாறினால் திரை மீண்டும் வரையப்படும்). தேடல் சொல் மாறும்போதெல்லாம் யூஸ்எஃபெக்ட் (திரை வரையப்பட்ட பிறகு ஓடும் ரியாக்ட் வசதி) அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும். ஆசிரியரிடம் அந்த ஸ்டேட்டே இல்லை. முழுப் பட்டியலும் தேடல் சொல்லும் கையில் இருக்கும்போது, கூறு (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல் துண்டு) வரையப்படும் நேரத்திலேயே ஃபில்டர் செய்துகொள்கிறார். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் முறையில் கூறு முதலில் பழைய பட்டியலோடு ஒருமுறை வரையப்பட்டு, எஃபெக்ட் ஓடியபின் மீண்டும் வரையப்படுகிறது. காணொளியில் அரை நிமிடத்தில் கடந்துபோன வரி அது. ஒப்பிடாமல் இருந்திருந்தால் அதன் காரணத்தைத் தேடியிருக்கவே மாட்டேன்.

பதிப்புச் சிக்கலுக்கும் துணை நிரலே வழிகாட்டியது. இந்தப் பாடங்கள் ரியாக்ட் 17 காலத்தவை. 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்பில், செயலியைப் பக்கத்தில் ஏற்றும் புதிய முறையான கிரியேட்ரூட் அறிமுகமானது. 19இல் பழைய ரெண்டர் முறை முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாகத் திட்டம் தொடங்கினால் காணொளியோடு ஒத்துப்போகாது. அதனால் துணை நிரலிலுள்ள பேக்கேஜ்-லாக் கோப்பை வைத்துக்கொண்டு, நூலகங்களை நிறுவும் என்பிஎம் கருவியில் இன்ஸ்டால் கட்டளைக்குப் பதில் சிஐ கட்டளையைக் கொடுக்கிறேன். லாக் கோப்பில் குறித்த அதே பதிப்புகள் இறங்குகின்றன.

அப்படியும் சில பழைய பாடங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் பிழையோடு நின்றன. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் மென்பொருளில், 17ஆம் பதிப்பு முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வருகிறது. நிரல் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் 4 கருவி நம்பியிருக்கும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை அது இயல்பாக அனுமதிப்பதில்லை. பழைய முறையை வலிந்து இயக்கும் தெரிவு ஒன்று இருந்தாலும், நோட் பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் மூலம் நோட் 16ஐ இந்தப் பாடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023இல் முடிந்துவிட்டதால், சொந்தத் திட்டங்களில் அதைத் தொடுவதில்லை.

அடுத்தது பயனர் உள்நுழைவுப் பகுதி. அதன் ரகசியச் சாவிகள் களஞ்சியத்தில் இல்லை. சாவிகளை இடுவதற்கான மாதிரி என்வ் கோப்பு மட்டும் இருக்கிறது. அதை நகலெடுத்து, என் சாவிகளை இட்டு, கிட் கண்காணிக்காமல் விடவேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிட்டேன். முதல் பாடத்தின் காணொளியை இன்று பார்க்கப்போகிறேன்.