பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பெண் வீடு மலேசியாவில் கிள்ளான், மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம், கல்யாணம் திருச்சியில். படம் பிடிக்க எங்களையே வரச் சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நானும் என்னுடன் வேலை செய்யும் தம்பியும் கிளம்புவதாக முடிவானது. மூட்டையில் இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், இரண்டு மடிக்கணினி, மூன்று ஹார்ட் டிஸ்க், ஒலிப்பதிவுக் கருவி, ஒரு கூடை நிறையப் பேட்டரி. சேலை எடுத்து வைக்க மிஞ்சிய இடம் கொஞ்சம்தான்.

கருவிகளோடு விமானம் ஏறப் போகிறேன் என்றால் உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த எக்ஸ்-ரேயில் எல்லாம் கெட்டுப்போகாதா?" செந்தூலில் இருக்கும் அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், ஹார்ட் டிஸ்க்கை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துப் போகச் சொன்னார். அத்தையின் யோசனையைக் கேட்டிருந்தால் சோதனை மேடையில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றிருப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் தெளிவாகத் தெரியாத எதையும் அவர்கள் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை.

எக்ஸ்-ரே ஹார்ட் டிஸ்க்கை ஒன்றும் செய்யாது. அதில் தகவல் காந்தமாகப் பதிந்திருக்கிறது; அந்தப் பதிவை மாற்றும் சக்தி எக்ஸ்-ரேக்குக் கிடையாது. மெமரி கார்டும், கைப்பேசியும், மடிக்கணினியும் அப்படியே பத்திரமாகத்தான் வெளியே வருகின்றன. வழக்கமான எக்ஸ்-ரே இயந்திரம் கொடுக்கும் கதிரைவிட, 35,000 அடி உயரத்தில் நான்கு மணி நேரம் பறக்கும்போது விண்வெளியிலிருந்து வந்து விழும் கதிர் அதிகம். பயப்பட வேண்டிய ஒரே பொருள் கழுவப்படாத பழைய பாணிப் படச்சுருள். அதிலும் இப்போது பல விமான நிலையங்களுக்கு வந்திருக்கும், பையைப் பல கோணங்களில் படமெடுக்கும் சிடி (CT) ஸ்கேனர் சுருளில் புகை படிந்ததுபோல் மங்கலை உண்டாக்கிவிடும். இந்தக் கல்யாணத்துக்கும் சுருளில் சில படங்கள் வேண்டும் என்று மணப்பெண் ஆசைப்பட்டாள். கையால் சோதித்துத் தரும்படி கேட்கலாம், ஆனால் அவர்கள் ஒப்புக்கொள்வது அன்றைய அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. அந்த நம்பிக்கையில் ஒருவருடைய கல்யாணத்தை அடகு வைக்க எனக்கு மனமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பைகளை ஸ்கேனருக்குள் இழுத்துப் போகும் பட்டைக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் என் பொருள் போய்விட்டது. இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் திரை உடைகிறது, தட்டு மாறுகிறது, பொருள் காணாமல் போகிறது. விமான நிலையத்துக்காக நான் செய்யும் ஏற்பாடெல்லாம் அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான்.

ஆபத்து வீட்டிலேயே, தராசில் ஆரம்பித்துவிடுகிறது. இங்கிருந்து கிளம்பும் விமானங்களில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான். கேமராவும் மடிக்கணினியும் வைத்தாலே அது நிறைந்துவிடும். முகப்பில் எடை போட்டு "கூடுதலாக இருக்கிறது" என்றதும் பலர் அவசர அவசரமாகக் கையில் அகப்பட்டதை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் திணிக்கிறார்கள். அகப்படுவது பெரும்பாலும் பவர் பேங்க்கும் உதிரிப் பேட்டரியும்தான். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இவை இரண்டும் இருக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறையில் யாராவது பார்த்து அணைக்கலாம். கீழே சரக்கறையில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதனால் கேமரா முக்காலி, விளக்குத் தாங்கி, வழியில் தேவைப்படாத சார்ஜர், கம்பிகள் எல்லாம் பெரிய பெட்டிக்கு. பேட்டரி ஒன்றுகூட விடாமல் கைப்பைக்கு. எடையை முதல் நாள் இரவே பார்த்து, தம்பிக்கும் எனக்கும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

பேட்டரிக் கணக்கு சுலபம். மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்று போட்ட பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. 100 வரை தனி அனுமதி தேவையில்லை. 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதிலும் இரண்டுதான். அதற்கு மேல் பயணி எடுத்துப் போகவே முடியாது. 30,000 என்று பெருமையாக விற்கிறார்களே, அது 111. முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். எங்கள் கேமரா பேட்டரிகள் ஒவ்வொன்றும் 16 வாட்-மணிச் சொச்சம்தான் என்பதால் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றின் உலோக முனையிலும் நாடா ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டேன். சாவிக்கொத்தோ சில்லறையோ இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் அங்கேயே சூடேறிவிடும்.

டிரோன் வரவில்லை. இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. சுங்கத்தில் நின்று வாதாடுவதைவிடத் திருச்சியிலேயே ஆள் வைத்துக்கொள்வது மேல். மடிக்கணினியிலும் ஒரு கணக்கு உண்டு. இந்தியச் சுங்கம் 18 வயது நிறைந்த பயணிக்கு ஒன்றைத்தான் வரியில்லாமல் விடும். எங்களிடம் இரண்டு, நாங்களும் இரண்டு பேர். ஆளுக்கொன்று.

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏயின் இரண்டாம் முனையத்தில் குடிநுழைவுச் சோதனை முடிந்து ஸ்கேனர் வரிசைக்கு வந்தபோது நல்ல கூட்டம். நான் வரிசையில் நின்றபடியே வேலையை முடித்துவிடுகிற ரகம். கைப்பேசி, கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் தோள்பையின் ஜிப் வைத்த அறையில் போட்டு மூடிவிடுவேன். தட்டில் உதிரியாகப் போடுவதில்லை. உதிரியாகப் போகும் கைப்பேசி பட்டையின் முடிவில் பின்னால் வரும் பெட்டி இடித்துக் கீழே விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் தட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டுதான் வரும்.

"லாப்டாப் கெலுவார், பவர் பேங்க் கெலுவார்" என்று ஊழியர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. அவர்களுடைய திரையில் துணி, உணவு போன்றவை ஆரஞ்சாகவும் உலோகம் நீலமாகவும் தெரியும். மடிக்கணினியின் பேட்டரியும் சுற்றுப் பலகையும் அடர்த்தியாக ஒரு பாறைபோல் விழுந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி வானில் வெடித்த பான் ஆம் விமானத்தில் குண்டு ஒளிந்திருந்தது ஒரு ரேடியோ கேசட் பெட்டிக்குள். அதை நினைத்துக்கொண்டால் முணுமுணுப்பு வராது. அதனால் மடிக்கணினியைத் தட்டில் தனியாக, மூடிய நிலையில் திரைப் பக்கம் மேலே இருக்கும்படி வைப்பேன். மேலேயும் கீழேயும் எதுவும் கூடாது. உறக்க நிலையில் விடாமல் முழுவதும் அணைத்திருப்பேன். சில இடங்களில் இயக்கிக் காட்டச் சொல்வார்கள் என்பதால் சார்ஜும் இருக்கும்.

இனி வரிசை முறை. முதலில் மலிவான பொருள், கடைசியில் விலை உயர்ந்தது. செருப்பு, ஜாக்கெட், சாப்பாட்டுப் பை முன்னே போகட்டும். கேமராப் பையும் மடிக்கணினியும் உள்ளே நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகே உலோகத்தைக் கண்டறியும் சட்டத்துக்குள் நான் நுழைவேன். முன்னால் நிற்பவர் பெல்ட்டைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தால், அவர் கடந்து போகும்வரை என் தட்டைத் தள்ளவே மாட்டேன். பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இரண்டு பேர் போனால் இன்னும் நல்லது. தம்பி முதலில் கடந்துபோய்ப் பட்டையின் அந்த முனையில் நின்றான். நான் கடைசித் தட்டு உள்ளே போகும்வரை இந்த முனையில் நின்றேன். அவன் அங்கே நின்றது அன்றைக்கே பலன் கொடுத்தது. எங்களுக்கு முன்னால் கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்று போனது. அவர்களில் ஒரு பையன் தன்னுடையது என்று நினைத்துத் தம்பியின் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துவிட்டான். திருட்டு இல்லை, இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வெள்ளி நிறம். தம்பியின் கணினி மேல் மயில் ஒட்டுப்படம் இருந்ததால் ஒரு வார்த்தை பேசாமல் விஷயம் முடிந்தது. பையன் நாலைந்து முறை மன்னிப்புக் கேட்டான். அழகுக்காக ஒட்டாவிட்டாலும் இதற்காகவாவது மடிக்கணினியில் எதையாவது ஒட்டி வையுங்கள். பூட்டுத் திரையில் பெயரும் தொடர்பு எண்ணும் தெரியும்படி வைப்பது அதைவிட நல்லது.

பை வந்ததும் அங்கேயே நின்று பிரித்து அடுக்குவது எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அருகிலிருந்த பெஞ்சுக்குப் போய், கையில் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தோம். மடிக்கணினியைத் திறந்து திரையையும் பார்த்துவிட வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்து கீறலைக் கண்டுபிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நுழைவாயிலை நோக்கிப் போகும் வழியில் இரண்டாவது சோதனை. அதே கதைதான். அதன் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாதது. விமானம் நிறைந்துவிட்டது, மேலே பெட்டி வைக்க இடமில்லை என்று சொல்லி, சிலருடைய உருளைப் பெட்டிகளை வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். "அம்மா, உள்ளே பவர் பேங்க் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது, மாத்திரைப் பையோடு. வாசலில் பெட்டி கைமாறினால் பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். எங்கள் கைப்பைக்குள் அதற்காகவே ஒரு துணிப்பை இருக்கிறது. கேட்டால் அதை மட்டும் உருவிக்கொள்வோம்.

விமானத்துக்குள் பவர் பேங்க் இருக்கைக்கு அடியில். 2025 ஜனவரியில் பூசான் விமான நிலையத்தில் ஒரு கொரிய விமானம் தலைக்கு மேல் பெட்டியில் தொடங்கிய தீயில் எரிந்தது. அதன் பிறகு, அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து, நம் நாட்டு விமானங்களிலும் பவர் பேங்க்கை மேலே வைக்கக் கூடாது, பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

திரும்பும் பயணம்தான் எனக்கு உண்மையான பயணம். போகும்போது கருவி தொலைந்தால் பணத்தோடு போகும். வரும்போது தொலைவது தாலி கட்டும் நிமிடம். அதை மறுபடி எடுக்க முடியாது. அறையை விட்டுக் கிளம்புமுன் எல்லாப் படமும் மூன்று இடத்தில் இருந்தது. ஒரு டிஸ்க் என்னிடம், ஒன்று தம்பியிடம், மூன்றாவது மணப்பெண்ணின் அண்ணனிடம். அவர் இரண்டு நாள் கழித்து வேறு விமானத்தில் வந்தார். கார்டுகளை அழிக்காமல் சிறு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

திருச்சியின் புதிய முனையம் 2024இல் திறந்தது. விசாலமானது, கோபுர வண்ணங்களோடு பார்க்கவும் அழகு. சோதனை நம் ஊரைவிடக் கண்டிப்பு. மடிக்கணினி, கேமரா, டிஸ்க், சார்ஜர், கம்பி எல்லாமே தட்டில் பரப்பி வைக்க வேண்டும். நாங்கள் கடை விரித்ததுபோல் தட்டுக்கு மேல் தட்டாகப் போய்க்கொண்டே இருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, ஒளி புகும் உறையில் போட்டிருந்ததால் அதில் மட்டும் நேரம் மிச்சம்.

பெண்களுக்குத்தான் அங்கே ஒரு சிக்கல். ஆண்களைத் திறந்தவெளியில் மேடையில் நிறுத்திச் சோதிப்பார்கள். நம்மைத் திரை போட்ட அறைக்குள் அழைத்துப் போவார்கள். மானத்துக்கு நல்லதுதான், ஆனால் திரைக்குள் போனதும் தட்டு கண்ணிலிருந்து மறைந்துவிடும். பெண்கள் வரிசை நீண்டால் தட்டு வெளியே வந்து கேட்பாரற்றுக் கிடக்கும். அதனால் இம்முறை தம்பியின் தட்டுகளோடு என் தட்டுகளையும் ஒரே தொடராக அனுப்பி, அவனையே முதலில் போகச் சொன்னேன். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், வரிசையில் தனக்கு முன்னால் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் தட்டை விடாமல் கையோடு வைத்துக்கொள்ளலாம். ஊழியர் அவசரப்படுத்தினால் காரணத்தைச் சொன்னால் போதும்; எனக்கு யாரும் மறுத்ததில்லை.

திரைக்குள் இருந்த காவலர் கழுத்துப் பையைத் திறந்து கார்டுகளை உள்ளங்கையில் கொட்டினார். இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் "ஷாதி", அதாவது கல்யாணம், என்று மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பிப் போட்டார்.

கேஎல்ஐஏயில் இறங்கியதும் சுங்கத்தில் ஒருமுறை பெட்டிகளை ஸ்கேனரில் போடச் சொன்னார்கள். இவ்வளவு கேமரா எங்கே வாங்கியது என்று கேட்டார் அதிகாரி. கிளம்புமுன்பே ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் குறித்து, இங்கே வாங்கிய ரசீதுகளோடு சேர்த்துக் கைப்பேசியில் படமாக வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். இரண்டு எண்களை மட்டும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.