ரூட் கடவுச்சொல் இல்லாமல் எட்டு எல்இடி

வீட்டில் இருக்கும் பழைய கணினியின் பின்பக்கம், முன்பு பிரிண்டர் மாட்டப் பயன்பட்ட 25 பின் பேரலல் போர்ட் ஒன்று உண்டு. அதன் 2 முதல் 9 வரையான பின்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டு எட்டு எல்இடி மாட்டினேன். மறுமுனைகளைச் சேர்த்து 25ஆம் பின்னில், அதாவது கிரவுண்டில் கொடுத்தேன். நிரல் எழுதப் பழகும் என் மகள் தன் கணக்கிலிருந்தே இவற்றை எரியவிட வேண்டும், ரூட் (கணினியில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) கடவுச்சொல் அவளுக்குத் தேவைப்படக் கூடாது என்பதுதான் நோக்கம்.

டாஸ் காலத்தில் ஹெக்ஸ் 378 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பினால் போதும், விளக்கு எரியும். அதே நினைப்பில் டெபியன் லினக்ஸில், போர்ட்டுக்கு எண் அனுப்பும் அவுட்பி கட்டளையை எழுதி ஓட்டினேன். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று உடனே நின்றுவிட்டது. லினக்ஸில் முதலில் ஐஓபெர்ம் அழைப்பு மூலம் கர்னலிடம், அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியிடம், அனுமதி வாங்க வேண்டும். சாதாரணப் பயனர் கேட்டால் கர்னல் தராது. அதையும் சேர்த்து, ரூட் அதிகாரத்தில் ஓட்டும் சூடோ போட்டு 85 (இரும எண்ணில் 01010101) அனுப்பினேன். ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு விளக்குகள் எரிந்தன. சரி, ஒயரிங்கில் பிழை இல்லை.

அடுத்து, ஒரு நிரல் கோப்புக்குத் தனி உரிமை தரும் செட்கேப் கட்டளை. நிரல் கோப்புக்கு மட்டும், போர்ட்டுகளை நேரடியாகத் தொடவிடும் சிஸ் ராஐஓ என்ற உரிமையைக் கொடுத்தேன். சூடோ இல்லாமல் ஓடியது. ஆனால் ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் அந்த உரிமை போய்விடுகிறது, திரும்பக் கொடுக்க சூடோ வேண்டும். மகள் எழுதுவதோ பைத்தானில். ஸ்கிரிப்டுக்கு இந்த உரிமை ஒட்டாது. பைத்தானுக்கே கொடுத்தால் அந்தக் கணினியில் ஓடும் எல்லா பைத்தான் நிரலுக்கும் கொடுத்ததாகிவிடும். இந்த உரிமை பேரலல் போர்ட்டோடு நிற்பதும் இல்லை. விசைப்பலகைக்குரிய ஹெக்ஸ் 60 உட்பட எந்த போர்ட்டையும் தொடலாம். ஒரு முகவரியைத் தவறாக அடித்தால் கணினியே உறைந்துபோகலாம். குழந்தை பழகும் கணினியில் இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வழி கிடைத்தது பிபிடெவ் என்ற கர்னல் மாட்யூலில். அதை ஏற்றியதும் டெவ் கோப்பகத்தில் பார்போர்ட்0 என்ற கோப்பு வந்தது. உரிமையாளர் ரூட், குழு எல்பி. போர்ட்டை நேரடியாகத் தொடுவது கர்னல்தான். நம் நிரலுக்கு இந்த ஒரு கோப்பைத் திறக்கும் அனுமதி மட்டும் இருந்தால் போதும். மகளின் கணக்கை எல்பி குழுவில் சேர்த்தேன். அப்போதும் அனுமதி மறுப்பு. அரைமணி நேரம் தேடிய பிறகுதான், வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் புதிய குழு பொருந்தும் என்பது நினைவுக்கு வந்தது.

கோப்பு திறந்தது. எண்ணை அனுப்பினால் 'தவறான ஆர்குமென்ட்' பிழை. பிபிகிளெய்ம் என்று முதலில் போர்ட்டை நம் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதையும் சேர்த்ததும் 170 போனது, முன்பு எரியாத நான்கு விளக்குகளும் எரிந்தன. சூடோ இல்லை, கடவுச்சொல் இல்லை. மகள் அன்று மாலையே விளக்குகளை இடமிருந்து வலமாக ஓடவிட்டாள்!

இதைச் செய்ய நினைப்பவர்கள் யூஎஸ்பியைப் பேரலலாக மாற்றும் பிரிண்டர் கேபிளை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும், பார்போர்ட் கோப்பு வராது.

இந்த வாரம் 11ஆம் பின்னில் ஒரு பொத்தான் வைத்தோம். பிரிண்டர் வேலையில் இருப்பதைச் சொல்லும் அந்த 'பிஸி' பின்னை வன்பொருளே தலைகீழாக்கித் தருவதால், அழுத்தும்போது 0, விடும்போது 1 என்று வரவேண்டியது மாறி வருகிறது. நிரலில் அந்த ஒரு பிட்டைத் திருப்பும் வேலையை மகளிடம் விட்டிருக்கிறேன்.