அங்கோர் வாட்: குழுவோடு போனாலும் நிதானமாகப் பார்க்க

விடியற்காலை நாலரைக்கு ஹோட்டலிலிருந்து பஸ் கிளம்பும். இருட்டில் அகழியைக் கடந்து, இடப்பக்கக் குளத்தங்கரையில் நூற்றுக்கணக்கானவர்களோடு தோளிடித்து நின்று சூரிய உதயத்தைப் படம் எடுப்பார்கள். பிறகு காலை உணவுக்கு மறுபடி பஸ் ஏறிவிடுவார்கள். கம்போடியாவில் கோயிலுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து போகும் குழுக்கள் பலவும் இப்படித்தான். இதை மட்டும் மாற்றிக்கொண்டால் பயணமே வேறாகிவிடும். உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரும்படி முதல்நாள் மாலையே வழிகாட்டியிடம் சொல்லிவையுங்கள். கூட்டம் வெளியேறும்போது நீங்கள் உள்ளே போங்கள்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். காலையில் முகப்பு நிழலில் கிடக்கும். அதைப் படமெடுக்கப் பிற்பகல்தான் சரி. ஆனால் கிழக்குப் பிரகாரத்தில் உள்ள பாற்கடல் கடையும் சிற்பத்துக்கு வெளிச்சம் காலையில்தான் வரும். ஏறக்குறைய 49 மீட்டர் நீளச் சுவர். 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியை இழுக்கிறார்கள். நடுவில் திருமால், அடியில் ஆமை. கீழே கடலில் மீன்களும் முதலைகளும். மத்தை நெருங்க நெருங்க அவை வெட்டுண்டு துண்டுகளாகக் கிடக்கும். கடைந்த வேகத்தைச் சிற்பி அப்படிக் காட்டியிருக்கிறான். பத்து நிமிடமாவது அந்த இடத்தில் நில்லுங்கள்.

சுற்றும் திசையில் நம்மவர்கள் தடுமாறுவார்கள். பழக்கத்தில் கால் வலம் வரத்தான் போகும். இங்கே சிற்பங்களின் வரிசை இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஓடுகிறது. மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பினால் முதலில் குருச்சேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்குச் சுவரில் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் படை அணிவகுப்பு, அடுத்து எருமைமேல் யமனும் நரகத் தண்டனைகளும். அதைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் பாற்கடல். இந்த இடஞ்சுற்று ஈமச்சடங்குக்கு உரியது என்பதால், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த இதை மன்னனின் நினைவுக்கோயிலாகவும் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த மூன்று பக்கத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். வழிகாட்டி இருபது நிமிடம் கொடுத்தால் மற்றதை விட்டுவிட்டுப் பாற்கடலுக்கு நேராகப் போய்விடுங்கள்.

உச்சி அடுக்கான பக்கானுக்கு ஒரே நேரத்தில் நூறு பேர்வரைதான் விடுவார்கள். முப்பது பேர் கொண்ட குழு ஒன்பது மணிக்குப் போனால் வெயிலில் வரிசை நிற்பதிலேயே காலை கழிந்துவிடும். திறந்தவுடன் ஏறுவது நல்லது. தோளும் முழங்காலும் ஆடையால் மூடியிருக்க வேண்டும். கையில்லாச் சட்டைமேல் துப்பட்டா போர்த்தினால் ஏற்கமாட்டார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பௌத்தப் புனித நாட்களில் பக்கான் மூடியிருக்கும். தேதியை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். படி மிகச் செங்குத்து. கைப்பிடி இருந்தாலும் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே இருப்பது மேல்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், மற்றவருக்குக் கொடுக்க முடியாது. கோயில் வாசலில் விற்பதில்லை. விடியலுக்குப் போகும் குழு முதல்நாளே வாங்கியிருக்க வேண்டும். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அங்கே வாங்கமாட்டார்கள். சிங்கப்பூரில் பணம் மாற்றும்போதே புது நோட்டாகக் கேளுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதிக்காரர்களுக்கும் வேண்டும். குடும்பத்தில் இரண்டு வகையும் இருந்தால் இதில்தான் கோட்டைவிடுவார்கள். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்றும் பார்க்கவேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன், முகவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் அதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். கம்போடியச் சமையலில் காய்கறிப் பிரட்டலிலும் மீன்சாறு சேரும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது.

பயணநிரலில் பந்தாய் ஸ்ரே கோயில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நகரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதால் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதே சீட்டு போதும், தனிக் கட்டணம் இல்லை. கி.பி. 967இல் எழுப்பிய சிவன் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல். மரத்தில் கடைந்ததுபோல நுணுக்கமான வேலை. ராவணன் கயிலையை அசைப்பதும் சிவன் காமனை எரிப்பதும் நூலகம் எனப்படும் கட்டடம் ஒன்றின் முகப்புகளில் இருக்கின்றன. இவற்றைவிட நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. வாசல் முகப்பு ஒன்றில் ஆடும் சிவனின் காலடியில் மெலிந்து வற்றிய பெண்ணுருவம் அமர்ந்திருக்கிறது. அது நம் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பல வழிகாட்டிகள் அதைக் காட்டாமலே கடந்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். உருவம் சிறியது, தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கைக்கு அடக்கமான தொலைநோக்கி ஒன்று பையில் இருந்தால் அம்மையின் முகம் தெரியும்.