மழைமானியும் மான்கொம்பும்

ஆட்டுக்கும் மானுக்கும் ‘கொம்பு’ என்று ஒரே சொல்லை வைத்திருப்பதால் தொடக்கத்திலேயே ஒரு குழப்பம். ஆட்டின் கொம்பும், வெளிமான் போன்ற இரலைகளின் கொம்பும் ஆயுளுக்கும் ஒன்றுதான். எலும்பின் மேல் உறை போல வளர்வது. மானின் கிளைக்கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும் முழு எலும்பு. அந்தந்த ஆண்டின் தீனி அதில் பதிவது இதனால்தான். தீனி மழையைப் பொறுத்தது என்பதால், மழையைக் கொண்டு கொம்பின் அளவைக் கணிக்கப் பார்க்கிறார்கள். கீழே வரும் மாதக் கணக்கு, டெக்சஸ் போன்ற வட அமெரிக்கத் தென்பகுதியில் வாழும் வெள்ளைவால் மானுடையது.

களப்பணியில் அடிக்கடி நேரும் பிழை, ஆண்டின் மொத்த மழையைக் கொண்டு கொம்பைக் கணிப்பது. கொம்பு மார்ச், ஏப்ரலில் முளைவிடும். கோடையின் நடுவரை வேகமாக நீளும். பிறகு சுண்ணாம்பு ஏறி இறுகும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ மேலிருக்கும் வெல்வெட் தோல் உரிந்துவிடும். அதன்பின் எவ்வளவு மழை கொட்டினாலும் அந்த ஆண்டுக் கொம்புக்குப் பயனில்லை. ஆனால் அதே இலையுதிர்கால மழைதான் குளிர்காலச் செடிகளின் விதையை முளைக்க வைக்கிறது. அது அடுத்த ஆண்டுக் கொம்பின் கணக்கில் சேரும். ஆகவே மழைப் பதிவேட்டை ஜனவரியில் தொடங்குவதைவிட அக்டோபரில் தொடங்கினால் கணக்கு ஓரளவு பிடிபடும். அக்டோபரில் முளைத்த செடியை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெய்யும் மழை தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வசந்தத்தில் தரை வெறுமையாகத்தான் கிடக்கும்.

வசந்த காலம் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் மானின் உடல்நிலை. இணைசேரும் பருவத்தில் ஆண்மான் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழந்துவிடும். கிடைக்கிற தீனி முதலில் உடலைத் தேற்றப் போகும், மிஞ்சியதுதான் கொம்புக்கு. வளரும் கொம்பின் உலர் எடையில் பெரும்பகுதி புரதம். இறுகிய கொம்பிலேயே ஏறக்குறைய 45 சதவீதம் புரதம். சுண்ணாம்புச் சத்து 22, பாஸ்பரஸ் 11 சதவீத அளவில் இருக்கும். முழு வளர்ச்சிக்குத் தீனியில் 16 சதவீதப் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 70 கிலோ ஆண்மான் நாளொன்றுக்கு 2 கிலோ உலர் தீனி தின்றால், அதில் 320 கிராம் புரதம் இருக்க வேண்டும். 8 சதவீதத் தீனியில் கிடைப்பது 160 கிராம். உயிர் வாழ அது போதும், கொம்புக்குப் போதாது. 6, 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் இரைப்பையின் நுண்ணுயிரிகளே சோர்ந்துவிடும். நாரைச் செரிக்க ஆளில்லாமல் மான் வயிறு நிறையத் தின்றும் மெலியும்.

வெள்ளைவால் மான் பெரிய புல்தின்னி அல்ல. பசேலென்ற புல்வெளியைப் பார்த்து நல்ல ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது. உழவர் களை என்று பிடுங்கி எறியும் அகன்ற இலைப் பூண்டுகளும், புதர்களின் இளந்தழையும்தான் அதற்கு உணவு. பூண்டுகள் மழையோடு வந்து மழையோடு போகும். ஆழ வேரோடிய புதர்கள் வறட்சியிலும் தழை தரும். பல நிலங்களில் மோசமான ஆண்டைக் கடத்திவிடுவது அவைதான். ஆனால் முற்றிய இலையில் நார் கூடிப் புரதம் குறைகிறது. சில புதர்களில் இருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிணைத்துக்கொள்வதால், ஆய்வகம் காட்டும் எண் முழுவதும் மானின் உடம்பில் சேர்வதில்லை.

மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கிறது. செடியை அடியோடு வெட்டி அனுப்பினால் தண்டும் சேர்ந்து புரதம் குறைவாக வரும். மான் கடிக்கும் நுனியையும் இளந்துளிரையும் மட்டும் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். மேய்ச்சல் அழுத்தத்தை அறிய, ஒரு சதுர மீட்டர் நிலத்தைக் கம்பிவலைக் கூண்டால் மூடி வைத்து, பருவ முடிவில் கூண்டின் உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு இடத்தில் அறுத்து, 60 பாகை செல்சியசில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி நிறுப்பது வழக்கம். உள்ளே அடர்ந்தும் வெளியே மொட்டையாகவும் இருந்தால் குறை மழையில் மட்டும் இல்லை. மான் எண்ணிக்கை கூடிவிட்டது. மான் எட்டும் உயரம்வரை புதர்கள் கத்தரித்தது போல நின்றாலும் அதே பொருள்தான். அந்த நிலத்தில் நல்ல மழையும் பாதி வீண். கொம்பு வளரட்டும் என்று தாது உப்புக்கட்டி வைப்பது எளிது. அதனாலேயே எல்லோரும் வைக்கிறார்கள். புரதம் இல்லாத நிலத்தில் உப்பு எதை வளர்க்கும்? கொம்பு இறுகும் வேளையில் மான் தன் விலா எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கடன் வாங்கிப் பிறகு அடைத்துக்கொள்கிறது. கடன் வாங்கிச் சரிக்கட்ட முடியாதது புரதம்தான்.

ஒப்பிடும்போது வயதைக் கலக்கக் கூடாது. கொம்பு 5 முதல் 7 வயதில் உச்சம் தொடும். மூத்த மான்கள் அதிகம் சேர்ந்த பட்டியல் வறட்சி ஆண்டையும் செழிப்பாகக் காட்டிவிடும். ஒன்றரை வயதுக் குட்டிகளின் கொம்பே மழைக்கு முதலில் அசைகிறது, அவற்றுக்கு உடலும் வளர வேண்டியிருப்பதால். ஆகவே கொம்பின் அடிச்சுற்றளவு, அதன் தண்டின் நீளம், மானின் உடல் எடை மூன்றையும் வயதுவாரியாக எழுதி, பக்கத்தில் மாத மழையையும் குறிக்க வேண்டும். பிறந்த ஆண்டையும் தனி நெடுவரிசையில் எழுதுவது நல்லது. தாய் வறட்சியில் சினையாக இருந்து, குறைந்த பாலில் வளர்ந்த ஆண்குட்டிகள் பிந்தைய நல்ல ஆண்டுகளிலும் கூட்டத்தில் சற்றுப் பின்தங்கியே நிற்கும். அந்த நெடுவரிசை இல்லாத பதிவேட்டில், நல்ல மழை பெய்தும் நாலு வயது மான்களின் கொம்பு ஏன் சிறுத்தது என்ற கேள்விக்கு விடை தேடி மண்ணையும் மரபணுவையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.